சத்தம் போடாத டேப்பட்

விசிட்டிங் கார்டின் கனமே உள்ள ஓர் இடைவெளி. அதைச் சரியாக வைத்தால் இன்ஜின் ஆண்டுக்கணக்கில் ஓடும். சத்தத்தை அடக்குவதற்காக இறுக்கினால் வால்வு கருகும்.

பெட்ரோல் அம்பாசடர் சிக்னலில் நிற்கும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வரும். தையல் மிஷின் ஓடுவதுபோல, சீராக, லேசாக. பின் சீட்டில் இருப்பவருக்கு அது கிழட்டு வண்டியின் முனகல். பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அது தகவல். சீராக வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஒரு 'டக்' மட்டும் தனியாகத் தூக்கலாகக் கேட்டால் ரிங் ஸ்பேனரைத் தேடுவார். சத்தமே இல்லையென்றால்தான் அனுபவசாலியின் புருவம் உயரும். இந்தக் கடைசி விஷயம் கார் சொந்தக்காரர்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் பணம் இழப்பதும் அங்கேதான்.

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலிருந்து சென்னை புதுப்பேட்டைவரை அதற்குப் பெயர் ஒன்றுதான்: டேப்பட் சத்தம். கறாராகப் பார்த்தால் பெயர் தவறு. சத்தம் போடுவது ராக்கர் ஆர்ம். ஆனால் இந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. 1950களின் பிற்பகுதியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி உத்தர்பாராவில் தயாரான முதல் அம்பாசடர்களில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வு இன்ஜின். அதில் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டிலேயே நிற்கும். அவற்றைக் கீழிருந்து தூக்குவது டேப்பட். திருகிச் சரிசெய்ய வேண்டியதும் டேப்பட்டைத்தான். 1959ல் 1489 சி.சி. கொண்ட பி.எம்.சி. பி-சீரிஸ் இன்ஜின் வந்தது. வால்வுகள் ஹெட்டுக்கு மேலே ஏறிக்கொண்டன. திருகும் அவற்றோடு மேலே, ராக்கருக்குப் போய்விட்டது. பட்டறையில் பெயர் மட்டும் மாறவில்லை. மாறப்போவதுமில்லை.

அமைப்பு ஏற்றம் இறைப்பதைப் போன்றது. பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. அதன் மேடு டேப்பட்டை உயர்த்த, டேப்பட் தன்மேல் நிற்கும் புஷ் ராடை உயர்த்துகிறது. புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்குகிறது. மறுமுனை கீழே இறங்கி வால்வை ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மீறி அழுத்தித் திறக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் கேம் ஷாஃப்ட் 1,500 சுற்று. அதாவது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூட வேண்டும். அம்பாசடரில் இப்படி எட்டு வால்வுகள்.

இந்தச் சங்கிலியில் எங்காவது கொஞ்சம் தளர்வு இருந்தே ஆக வேண்டும். காரணம் சூடு. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. உலோகம் சூடானால் நீளும். நீளுவதற்கு இடம் வைக்காவிட்டால், வால்வின் வால் ராக்கரில் முட்டி நிற்கும். தலை தன் சீட்டில் முழுதாக உட்காராது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினுக்கு விதிக்கப்பட்ட இடைவெளி ஆயிரத்தில் 15 பங்கு அங்குலம். மெட்ரிக்கில் சுமார் 0.38 மி.மீ.

இடைவெளி கூடினால் என்ன? வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும், திறக்கும் உயரமும் குறையும். பிக்கப் சற்று மந்தமாகும், ராக்கர் வால்வின் வாலில் கொட்டு அடிக்கும். காலப்போக்கில் தேய்மானமும் அதிகம்தான். ஆனால் நாளைக்கே வண்டி நின்றுவிடாது.

குறைந்தால் கதை வேறு. வால்வுக்கு ஏறும் சூட்டின் பெரும்பகுதி வெளியேறும் வழி, அது சீட்டில் அழுந்தி உட்காரும் நேரம்தான். சீட்டிலிருந்து ஹெட்டின் தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து ரேடியேட்டருக்கு. சரியாக உட்காராத வால்வுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, எரிந்துகொண்டிருக்கும் வாயு அந்த மெல்லிய சந்து வழியாகச் சீறிப் பாய்கிறது. வெல்டிங் பட்டறையின் ஜுவாலையைப் போல அது வால்வின் விளிம்பை ஒரு பக்கமாகத் தின்ன ஆரம்பிக்கும். இவ்வளவும் நடக்கும்போது மேலே ராக்கர் பக்கம் அமைதி. தட்டுவதற்குத்தான் அங்கே இடமே இல்லையே!

இங்கேதான் வாடிக்கையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்து இன்ஜினைக் கெடுப்பது. "சத்தம் வருது, நிறுத்துங்க" என்பது பட்டறைக்கு வருபவர் வைக்கும் கோரிக்கை. அவரைத் திருப்திப்படுத்துவது சுலபம்; திருகை இன்னும் கால் சுற்று இறக்கினால் போதும். வண்டி பட்டுப்போல ஓடும். கைமாற்றுவதற்கு முன் பழைய கார்களுக்குச் செய்யப்படும் அலங்காரங்களில் இதுவும் ஒன்று. டிங்கரிங், பெயின்ட், சீட் கவர், அமைதியான டேப்பட். வாங்கியவர் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஐடிலில் வண்டி மிஸ் அடிக்கத் தொடங்கும். பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழுவுவார். கடைசியில் ஹெட்டை இறக்கும்போது பிஸ்கட்டைக் கடித்து வைத்ததுபோல ஒரு வால்வு வெளியே வரும். அரை மணி நேர வேலையில் முடிந்திருக்க வேண்டியது, லேத் பட்டறைச் செலவு, புது வால்வு, ஹெட் பேக்கிங், இரண்டு மூன்று நாள் வண்டி நிற்பது என்று வளர்ந்திருக்கும். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அந்த நாட்களின் வருமானமும் போச்சு.

கருகத் தொடங்கிய வால்வைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். சைலன்சர் முனையில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால், சீராக வெளியே படபடக்க வேண்டியது நடுநடுவே உள்ளே இழுபடும். ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருந்த காலத்தில் அதைவிட எளிது. கையால் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் உள்ளங்கைக்குத் தெரியும். ஒன்று மட்டும் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால், ஆள் அதுதான்.

சரிசெய்யும் வேலை எப்படி நடக்கிறது? டேப்பட் கவரின் இரண்டு நட்டுகளைக் கழற்றித் தூக்கினால் எட்டு ராக்கர்களும் ஒரே ஷாஃப்ட்டில் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் புஷ் ராடு முனையிலும் ஒரு திருகு, அதைப் பூட்ட ஒரு லாக் நட். கையில் வேண்டியது ரிங் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பில்லர் கேஜ். இந்த 'பில்லர்' இங்கிலீஷில் தடவிப் பார்ப்பதைக் குறிக்கும் ஃபீலர்தான். பட்டறையில் உருமாறி இன்று உதிரிப்பாகக் கடைகளிலும் அப்படியே கேட்டு வாங்கப்படுகிறது.

எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு மெக்கானிக்குகளிடம் ஓர் அழகான கணக்கு உண்டு. ஒன்பது கணக்கு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். இன்ஜினைக் கையால் சுற்றி 8ஆம் வால்வு முழுதாக அழுந்தித் திறந்திருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தால், அளக்க வேண்டியது 1ஆம் வால்வு. 6 திறந்திருந்தால் 3. 4 என்றால் 5. கூட்டினால் எப்போதும் ஒன்பது. திறந்திருக்கும் வால்வின் ஜோடிக்கு அந்த நேரத்தில் கேம் தன் மேடில்லாத முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் என்பதுதான் ரகசியம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவரும் இந்தக் கணக்கில் தப்புவதில்லை. நான்கு சிலிண்டர்கள் 1-3-4-2 வரிசையில் எரிவதும், வால்வுகள் முன்னும் பின்னும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதும் இதைச் சாத்தியமாக்குகின்றன. மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி 800க்கு இந்தக் கணக்கு செல்லாது. அதில் கேம் ஷாஃப்ட்டே ஹெட்டின் மேல் இருக்கிறது, புஷ் ராடு கிடையாது. ஆனால் ராக்கரும் திருகும் லாக் நட்டும் அதிலும் உண்டு.

பில்லர் கேஜின் 15 எண் தகட்டை ராக்கருக்கும் வால்வு வாலுக்கும் நடுவே நுழைத்து, திருகை இறக்கிக்கொண்டே தகட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். தொளதொளவென்று வரக் கூடாது. பிடுங்கவும் வைக்கக் கூடாது. எண்ணெயில் நனைந்த தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். இந்தப் பிடிப்பைப் புத்தகத்தில் படிக்க முடியாது. அடுத்த சிக்கல் லாக் நட். இறுக்கும்போது திருகும் கூடவே சுழலும், அளவு மாறிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பவரே நல்ல வேலைக்காரர். இன்ஜின் சூடாக இருக்கும்போது அளப்பதா, ஆறிய பிறகா என்பதில் அந்தந்த இன்ஜினின் கைப்புத்தகம் சொல்வதுதான் சட்டம். ஓடுகிற இன்ஜினில் காதை மட்டும் நம்பித் திருகும் வித்வான்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது. ஓடும் இன்ஜினில் கேஜுக்கு ஒரு நியாயமான உபயோகம் உண்டு: ஐடிலில் ஒவ்வொரு ராக்கராகத் தகட்டை நுழைத்துப் பார்த்தால், எதில் நுழைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

அளவு சரியாக வைத்தும் சத்தம் போகாத இன்ஜின்கள் உண்டு. லட்சக்கணக்கான கிலோமீட்டர் தட்டித் தட்டி ராக்கரின் முனையில் பள்ளம் விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தப் பள்ளத்தின் மேல் பாலம்போல நிற்கும். கேஜ் 15 காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். ராக்கரின் புஷ் தேய்ந்து ஷாஃப்ட்டில் ஆடினாலும் இதே நிலைதான். இதற்கு மருந்து ராக்கரை மாற்றுவது, அல்லது முனையைச் சாணை பிடித்துச் சமமாக்குவது. திருகை மேலும் இறக்குவதல்ல. செலவுக்குப் பயந்து செய்யப்படுவது பெரும்பாலும் அதுவே.

இன்னொரு கண்ணியும் உண்டு. இந்த இன்ஜினில் ராக்கர் பிராக்கெட்டுகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் சில, ஹெட்டையே பிடித்திருக்கும் நட்டுகள். புது ஹெட் பேக்கிங் போட்டு ஓட்டினால் சில நூறு கிலோமீட்டரில் அது அமுங்கும். நட்டுகளை மறுபடி இறுக்கும்போது ஹெட்டும் ராக்கர்களும் மயிரிழை கீழே இறங்க, டேப்பட் இடைவெளி குறைகிறது. அதனால்தான் "ஒரு தடவை கொண்டு வந்து காட்டுங்க" என்று மெக்கானிக் சொல்லி அனுப்புகிறார். வண்டி நன்றாக ஓடுகிறபோது யார் திரும்பி வருகிறார்கள்?

பழைய இன்ஜின்களுக்கு நேர்ந்த பெரிய சோதனை பெட்ரோல் பங்கிலிருந்து வந்தது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் நுரையீரலுக்கு விஷம், வால்வு சீட்டுக்குக் கவசம். எரிந்த ஈயத்தின் மெல்லிய படலம், சிவக்கச் சூடான எக்ஸாஸ்ட் வால்வு வார்ப்பிரும்பு சீட்டோடு ஒட்டிப் பிய்வதைத் தடுத்துவந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்காக ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க அது மட்டுமே. மக்களின் உடல்நலத்துக்காக எடுக்கப்பட்ட, எப்போதோ எடுத்திருக்க வேண்டிய முடிவு. ஆனால் கவசம் போனதும், கடினமான சீட் ரிங் பொருத்தப்படாத பழைய ஹெட்டுகளில் சீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, வால்வு மேலே மேலே ஏறியது. வால்வு ஏறினால் டேப்பட் இடைவெளி தானாகவே குறையும். யாரும் திருகைத் தொடாமலே, வண்டி நாளுக்கு நாள் சத்தம் குறைந்து 'நன்றாக' ஓடும், வால்வு கருகும் நாள்வரை.

1998ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து டெல்லியின் டாக்சிகளும் ஆட்டோக்களும் சி.என்.ஜி.க்கு மாறியபோது இதே பாடம் வேறு வடிவில் வந்தது. வாயு எரிபொருள் உலர்ந்தது. திரவ பெட்ரோல் வால்வுக்குத் தரும் கொஞ்சநஞ்சக் குளிர்ச்சியும் அதில் இல்லை. சி.என்.ஜி.க்கென்றே கம்பெனியில் தயாராகும் இன்ஜின்களுக்குக் கடினமான சீட்டுகள் பொருத்துகிறார்கள். வெளியில் கிட் மாட்டிய பழைய கார்களுக்கு டேப்பட்டை அடிக்கடி அளந்து பார்ப்பது ஒன்றே பாதுகாப்பு.

அளக்க வேண்டிய கார்களே அருகிவருகின்றன என்பது வேறு விஷயம். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. வணிக வாகனங்களுக்கு 15 ஆண்டு வரம்பு என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008ல் உத்தரவிட்ட பிறகு கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகள் ஆண்டுதோறும் கழிந்துவருகின்றன. மும்பையில் 20 ஆண்டு வரம்பை எட்டிய கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அதுவும் புஷ் ராடு, ராக்கர் இன்ஜின்தான். இன்றைய கார்கள் பலவற்றில் ராக்கர் திருகே கிடையாது. சிலவற்றில் இன்ஜின் ஆயிலின் அழுத்தமே இடைவெளியைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. வேறு சிலவற்றில் கிண்ணம் போன்ற டேப்பட்டுகளைத் தடிமன் பார்த்து மாற்ற வேண்டும், ஸ்பேனருக்கு வேலை இல்லை.

பட்டறைப் பையன்கள் பில்லர் கேஜைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது இப்போது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் அதற்கும் வேலை கிடையாது. அதில் இடைவெளியே வைப்பதில்லை; ஆறிய இன்ஜினில் புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான். சூடானால் சிலிண்டரும் ஹெட்டும் புஷ் ராடைவிட அதிகம் வளர்ந்து இடைவெளியைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும். 2008, 2009 வாக்கில் வந்த அதன் புதிய இன்ஜினில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டேப்பட்டுகள் வந்து அந்த உருட்டலும் தேவையற்றுப் போனது. 2020ல் மீட்டியாருடன் வந்த அடுத்த 350 சி.சி. இன்ஜினில் புஷ் ராடு இல்லை, கேம் ஷாஃப்ட் மேலே. திறந்து பார்த்தால் ராக்கரின் முனையில் மறுபடியும் ஒரு திருகு, ஒரு லாக் நட்.