புதுப் புடவையா, சாயம் போட்ட பழசா?

தட்டு வைத்தாகிவிட்டது. ரசம் ஆறிக்கொண்டிருக்கிறது. "சாப்பிட வாடா!" என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் குரல் கொடுக்கிறீர்கள். உள்ளறையிலிருந்து பதில் வருகிறது:

"இரும்மா! இப்போ நான் எழுந்து வந்தால் நாலு பேர் செத்துப் போயிடுவாங்க!"

உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால், பிள்ளையாண்டான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறான். திரையில் ஒரு குகை. குகைக்குள் ஒரு பூதம். அதை எதிர்த்து ஐந்து வீரர்கள்.

பதற வேண்டாம், சகோதரிகளே! அவன் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அந்த ஐவரில் ஒருவர் பூதத்தின் அடியையெல்லாம் தாம் வாங்கிக்கொள்கிறவர். மூவர் அதைத் தாக்குகிறவர்கள். மிச்சமிருக்கும் ஒருவர் வைத்தியர். உங்கள் பிள்ளைதான் அந்த வைத்தியன்! வைத்தியன் எழுந்து சாப்பிடப் போய்விட்டால் மற்ற நால்வரின் கதி என்ன ஆவது? அந்த நால்வரும் பொம்மைகள் அல்ல. எங்கெங்கோ ஊர்களில், எந்தெந்த வீடுகளிலோ இருக்கும் நிஜ மனிதர்கள். அவர்களையும் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்!

ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் ஒரு கற்பனை உலகத்தில் புகுந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு ஆடும் ஆன்லைன் விளையாட்டு இது. இந்த ரகத்தில் மிகப் பிரசித்தமானது 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2004 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. 2010-இல் அதற்குச் சந்தா கட்டியவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர்! மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். அடி வாங்குகிறவர், அடிக்கிறவர், வைத்தியர் என்ற அதே ஏற்பாட்டைத்தான் பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகளும் பின்பற்றின.

இப்போது உங்கள் பிள்ளை வேறொரு விண்ணப்பத்துடன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, புதுசா ஒண்ணு வரப் போகுது. இதுமாதிரி உலகத்திலேயே வந்ததில்லையாம். முன்பணம் கட்டட்டுமா?"

நாம் என்ன செய்வோம்? கடைக்காரர் "லேட்டஸ்ட் டிசைன் அம்மா!" என்று புடவையை விரித்துப் போட்ட உடனேயா பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம்? முந்தானையைத் திருப்பிப் பார்க்கிறோம். நூலைத் தடவிப் பார்க்கிறோம். "சாயம் போகாதே?" என்று கேட்கிறோம். இந்த விளையாட்டுகளையும் அப்படித்தான் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதைத் திருப்பிப் பார்ப்பது? படத்தை அல்ல. படம் வருஷா வருஷம் அழகாகிக்கொண்டுதான் போகும். இந்த ரகத்துக்கு முன்னோடி 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் வளர்த்த 'மட்' என்ற விளையாட்டு. அதில் ஒரு படம்கூடக் கிடையாது. எல்லாம் எழுத்துத்தான். ஆனாலும் முன்பின் அறியாதவர்கள் ஒரே உலகத்தில் சந்தித்துக்கொண்டார்கள் அல்லவா? அதுதான் புதுமை! இந்த விளையாட்டுகளின் உயிர், ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இன்னோர் உதாரணம் பாருங்கள். 2012 ஆகஸ்டில் 'கில்ட் வார்ஸ் 2' வந்தது. மாதச் சந்தா இல்லை. அப்போது ஒரு தடவை வாங்கினால் போதும் என்று இருந்தது. தனி வைத்தியர் வேஷத்தை எடுத்துவிட்டார்கள். வழியில் விழுந்து கிடப்பவரை யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். தூக்கிவிட்டவருக்கும் அதனால் லாபம் உண்டு. ஒரே பூதத்தைப் பத்துப் பேர் சேர்ந்து வீழ்த்தினால், பத்துப் பேருக்கும் தனித்தனியே பரிசு. பங்குச் சண்டை இல்லை. அதுவரை "என் பங்கைப் பறிக்க வந்தவன்" என்று தோன்றிய அந்நியன், "உதவிக்கு வந்தவன்" ஆகிவிட்டான். இது நிஜமான புதுமை. ஆனாலும் 2015-இல் கடினமான கூட்டுப் போர்களைச் சேர்த்தபோது, வைத்தியர் வேஷமும் வேறு வழியாகத் திரும்பி வந்து சேர்ந்தது!

சொன்ன சொல் காப்பாற்றப்படாத கதைகளும் உண்டு. 1997-இல் வந்த 'அல்ட்டிமா ஆன்லைன்' விளையாட்டைத் தயாரித்தவர்கள், புல்லை ஆடு மேய, ஆட்டை ஓநாய் தின்ன, காடே தானாக இயங்க வேண்டும் என்று வெகு சிரத்தையாக ஏற்பாடு செய்தார்கள். ஜனங்கள் உள்ளே புகுந்ததும் கண்ணில் பட்ட பிராணிகளையெல்லாம் கொன்று தீர்த்துவிட்டார்கள். ஏற்பாட்டையே கைவிட நேர்ந்தது.

2013-இல் 'எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட்' என்று ஒன்றை அறிவித்தார்கள். மண்ணைத் தோண்டலாம், மலையை உடைக்கலாம் என்று பிரமாதமாகச் சொன்னார்கள். அதன் துணை விளையாட்டான 'லேண்ட்மார்க்' தயாராகும் முன்பே உள்ளே நுழைய, 100 டாலர் வரை கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2016 மார்ச்சில் மூல விளையாட்டு ரத்து. அடுத்த வருஷம் துணை விளையாட்டும் மூடப்பட்டது. விளையாட்டை மூடிவிட்டால், அதில் வாங்கிய வாளும் வீடும் எங்கே போகும்? சேர்ந்து விளையாடிய சிநேகிதர்களை எங்கே தேடுவது?

இப்போது, வரப்போகிறதென்று பேசப்படும் ஒன்றைப் பார்ப்போம். 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' என்ற விளையாட்டைத் தயாரித்த அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம், தன் 'ரூன்டெர்ரா' என்ற கற்பனை உலகத்தை வைத்து இந்த ரகத்தில் ஒன்று தயாராகிறது என்று 2020 டிசம்பரில் தெரிவித்தது. பொறுப்பேற்றிருந்த க்ரெக் ஸ்ட்ரீட், முன்பு வார்கிராஃப்டில் வேலை பார்த்தவர். 2023-இல் அவர் விலகினார். 2024 மார்ச்சில் நிறுவனர்களில் ஒருவரான மார்க் மெரில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்: இதுவரை செய்தது, ஏற்கெனவே இருக்கும் விளையாட்டுகளிலிருந்து போதுமான அளவு மாறுபடவில்லை. பழைய ஆட்டத்துக்கு ரூன்டெர்ரா வர்ணம் பூசிக் கொடுப்பதில் பயனில்லை. ஆகவே திட்டத்தின் போக்கையே மாற்றி மறுபடி தொடங்கியிருக்கிறோம். இனி நெடுங்காலம், ஒருவேளை பல வருஷங்கள், செய்தி இராது.

கடைக்காரரே "இது சாயம் போட்ட பழசுதான், அம்மா. வேறு நெய்து தருகிறேன்" என்று சொல்வதைப் போல் இருக்கிறது அல்லவா? இந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நேர்மை வேறு, புதுமை வேறு. தறியில் என்ன இருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியும் வரையில், அதைப் புதுமை என்று சொல்வதற்கில்லை.

ஆகவே பிள்ளை புது விளையாட்டு என்று வந்து நின்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்தால், இதில் உனக்கு லாபமா, நஷ்டமா? பாதியில் எழுந்து வந்தால் யாருக்குக் கஷ்டம்? பணம் ஒரு தடவையா, மாதா மாதமா, அல்லது உள்ளே போன பிறகு மறுபடியும் கேட்பார்களா? பதில் தெரியாவிட்டால், வெளிவந்து மூன்று மாதம் போகட்டும் என்று சொல்லுங்கள். ஜனங்கள் புகுந்து குடித்தனம் நடத்திய பிறகுதான் எந்த வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று தெரியும்.

இன்னொன்று. நாளை ராத்திரி அவன் குகைக்குள் நுழைவதற்கு முன்பே, "எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். பூதமும் மடியும், நால்வரும் பிழைப்பார்கள், ரசமும் சூடாக இருக்கும்!