பின் இளவேனிலில் மலை ஓடை

நீலகிரியின் உயரமான ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் டிரவுட் மீன் இந்த மலைக்கு உரியதன்று. 1863-இல் பிரான்சிஸ் டே என்பவர் இதனை இங்குக் கொண்டுவர எடுத்த முதல் முயற்சி பலிக்கவில்லை. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது. அதன் பின்னரே வானவில் டிரவுட் எனும் இனம் இங்கு நிலைபெற்றது. இம்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர், சித்திரை, வைகாசி மாதங்களில் ஓடை நீரின் குளிர்ச்சி, தெளிவு, பூச்சிகள் ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரே தூண்டிலை எடுப்பர். சரிவு நிலத்தில் கிழங்கும் காய்கறியும் பயிரிடும் உழவர்களுக்கும் இந்த மூன்றும் பல செய்திகளைச் சொல்லும்.

பருவமும் நீரும்

காஷ்மீர், இமாசலப் பிரதேசம் போன்ற பனிமலை நாடுகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை பனி உருகி ஆறுகள் பெருகும். நீர் குளிர்ந்தும் கலங்கியும் ஓடும். நீலகிரியில் உருகுவதற்குப் பனிப்பாளம் இல்லை. எனவே இங்கு நிலைமை நேர்மாறானது. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வரை ஓடை மெலிந்து, தெளிந்து, பகலில் சூடேறுகிறது. இடையிடையே பெய்யும் கோடை மழை அதனைச் சில மணி நேரம் கலக்கி விடுகிறது.

டிரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பநிலை 10 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும்போது நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்து விடும். 25 டிகிரியை ஒட்டிய சூடு நீடித்தால் உயிருக்கே ஆபத்து. நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள பிராணவாயுவும் குறைவதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், 10 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 20 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே விடியற்காலையும் மாலையுமே தூண்டிலுக்கு ஏற்ற வேளைகள். நடுப்பகலில் மீன்கள் மர நிழலிலும், பாறை அடியிலும், நீர் விழுந்து நுரைக்கும் இடங்களிலும் ஒதுங்கும். அருகிலுள்ள எமரால்டு, அவலாஞ்சி போன்ற நீர்த்தேக்கங்களில் மேல்நீர் சூடேறியதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். காலையில் ஓடை வந்து சேரும் முகத்தில் இரை தேடும். நீர் 20 டிகிரியை எட்டிவிட்டால் மீன்பிடிப்பை நிறுத்திவிட வேண்டும். அச்சூட்டில் போராடிக் களைத்த மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைக்காமல் போகக்கூடும்.

ஈத்தூண்டில்

இம்முறையில் மண்புழுவோ மாவோ கோப்பதில்லை. சிறு முள்ளில் சேவலின் கழுத்து இறகையும் நூலையும் சுற்றி, நீர்ப்பூச்சியைப் போன்ற ஓர் உருவம் செய்யப்படுகிறது. இந்தச் செயற்கை ஈக்கு எடையில்லை. தடித்த தூண்டில் கயிற்றின் எடையே அதனைத் தொலைவுக்குக் கொண்டு செல்கிறது. மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். எனவே பிடிப்பவர் கீழ்ப்புறமிருந்து குனிந்து நெருங்கி, ஈயை மேல்நோக்கி வீச வேண்டும். கோடையில் நீர் தெளிவாக இருப்பதால் நுனிநரம்பு மெல்லியதாகவும் ஈ சிறியதாகவும் இருத்தல் நலம்.

எந்த ஈயைக் கட்டுவது என்பதை ஓடைக் கல்லே சொல்லும். நீருக்குள் கிடக்கும் கல்லொன்றைப் புரட்டிப் பாருங்கள். வால் போன்ற இரண்டு மூன்று இழைகளுடன் ஒட்டியிருக்கும் இளம்பூச்சிகளும், மணல் துகள்களால் கூடு கட்டிய புழுக்களும் தென்படும். இவை சிறகு முளைத்து வெளிவரும் மாலை நேரங்களில் மீன்கள் நீர்மட்டத்திற்கு எழும்பும். இப்பூச்சிகளில் பல, வண்டல் படிந்த கற்களிலும் மருந்து கலந்த நீரிலும் வாழ மாட்டா. கல்லின் அடி வெறுமையாக இருந்தால் ஓடை நலமாக இல்லை என்று பொருள்.

கலங்கல் நீர் யாருடைய மண்?

மழைக்குப் பின் ஓடை காப்பி நிறமானால் மீனுக்கு ஈ தெரியாது, தூண்டில்காரர் காத்திருப்பார். நீர் தெளியத் தொடங்கும் நேரம் அவருக்கு நல்ல நேரம். காட்டிலும் புல்வெளியிலும் மட்டுமே ஓடிவரும் ஓடை விரைவில் தெளிந்துவிடும். உழுத சரிவுகளைக் கடந்து வரும் ஓடை நெடுநேரம் தெளியாது.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடும் கிழங்குப் பயிருக்காக நிலம் கொத்தப்பட்டுப் பொலபொலவென்று கிடக்கும் வேளையில்தான் கோடை மழை அறைகிறது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மேல்மண் கரைந்து போனால், போனது சுமார் 5 டன். அதனுடன் நீங்கள் காசு கொடுத்து இட்ட உரமும் எருவும் போகின்றன. அம்மண் ஓடையின் சரளைக் கற்களுக்கிடையே படிந்து பூச்சிகளையும் மீன் முட்டைகளையும் மூச்சுத் திணறச் செய்கிறது. மீதி அணையில் தங்குகிறது.

இதனை அறிய எளிய வழி உண்டு. மழை ஓய்ந்ததும் உங்கள் நிலத்துக்கு மேற்புறம் ஒரு பாட்டிலும் கீழ்ப்புறம் ஒரு பாட்டிலும் ஓடை நீரை எடுத்து, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் இரண்டின் அடியிலும் படிந்த வண்டலை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

செய்ய வேண்டியவை

1. பாத்திகளையும் சால்களையும் சரிவுக்குக் குறுக்கே அமைக்கவும். மேலிருந்து கீழாகச் சால் பிடிக்க வேண்டாம்.

2. படிமட்டங்களை மலைப்பக்கமாக உள்சாய்வாக அமைத்து, கல் கட்டுகளை மழைக்கு முன்பே செப்பனிடவும்.

3. ஓடைக்கரை வரை கொத்தாமல் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லும் புதரும் விட்டுவைக்கவும். கரை மரங்களின் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

4. தெளிப்பானையும் மருந்துக் குப்பிகளையும் ஓடையில் கழுவக் கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனையும் நீர்ப்பூச்சிகளையும் கொல்லக்கூடியவை.

5. டிரவுட் பிற மீன்களையும் இரையாகக் கொள்ளும். ஆகவே அது இல்லாத ஓடைகளில் புதிதாக விட வேண்டாம். மீன்பிடிக்கச் செல்லுமுன் மீன்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி பெறுவது அவசியம்.

உழவர் பெருமக்களே! வைகாசி மாலையில் ஓடையின் மேல் பூச்சிகள் பறந்து, மீன்கள் எழும்பி வட்டமிடுமானால், மேட்டு நிலத்தின் மண் பெரும்பாலும் நிலத்திலேயே இருக்கிறது என்று நம்பலாம். அந்த மண் இருந்தால்தான் அடுத்த போகத்துக்கும் கிழங்கு இருக்கும்.