கனரக லாரிகளில் பிரேக் தேய்மான வரம்பு

பிரேக் தேய்மான வரம்பு என்பது ஒரு சரக்கு லாரியின் பிரேக் பாகங்கள் எந்த அளவுக்குத் தேய்ந்தால் அது ஆய்வில் தேறாது என்பதைக் குறிக்கும் அளவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த அளவுகள் கூட்டரசின் வாகனப் பாதுகாப்பு விதிகளில், 393ஆம் பகுதியின் 47ஆம் பிரிவில் உள்ளன. சாலையோர ஆய்வில் லாரியை ஓடவிடாமல் நிறுத்துவதற்கான 'இயக்கத் தடை' அளவுகோல்களை வணிக வாகனப் பாதுகாப்புக் கூட்டணி என்ற அமைப்பு தனியாக வெளியிடுகிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. விதியை மீறினால் அது மீறலாகப் பதிவாகும். இயக்கத் தடை விதிக்கப்பட்டாலோ பழுது சரிசெய்யப்படும் வரை லாரி ஓடக் கூடாது.

லைனிங் தடிமன்

பெரும்பாலான கனரக லாரிகளில் காற்றழுத்த டிரம் பிரேக் உள்ளது. ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் அழுத்தப்பட்ட காற்று பிரேக் சேம்பருக்குள் புகுந்து, அதிலுள்ள ரப்பர் சவ்வைத் தள்ளும். சவ்வு புஷ்ராடைத் தள்ள, அது ஸ்லாக் அட்ஜஸ்டர் என்னும் கையைத் திருப்பும். அதனோடு 'எஸ்' வடிவக் கேம் சுழன்று, இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். உராய்ந்து தேய்வது ஷூவின் மேல் பொருத்தப்பட்ட லைனிங்.

புதிய லைனிங் ஏறத்தாழ 19 மி.மீ. தடிமன் இருக்கும். முன் அச்சு தவிர்த்த மற்ற அச்சுகளில் இது 6.4 மி.மீ.க்கு, அதாவது கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முன் அச்சில் லைனிங் ஒரே துண்டாக இருந்தால் 4.8 மி.மீ., இரண்டு துண்டுகளாக இருந்தால் 6.4 மி.மீ. தேய்மானக் குறி பொறிக்கப்பட்ட லைனிங்குக்கு அக்குறியே எல்லை. காற்றழுத்த டிஸ்க் பிரேக்கின் பேடுக்கு 3.2 மி.மீ. டிரம் பிரேக்கில் ஷூவின் நடுப்பகுதியில்தான் அளக்க வேண்டும். ஓரங்கள் இயல்பாகவே மெலிந்திருப்பதால் அங்கே அளந்தால் கணக்கு தவறும்.

வரம்பைத் தாண்டித் தேய்ந்தால் ரிவெட் தலைகள் டிரம்மைக் கீறத் தொடங்கும். டிரம்மும் சேர்ந்து தேய்ந்திருந்தால், கேம் தன் எல்லையை மீறிப் புரண்டு அந்தச் சக்கரத்தின் பிரேக்கே பயனற்றுப் போகலாம். லைனிங்கில் எண்ணெய் அல்லது கிரீஸ் ஊறியிருந்தால் தடிமன் எவ்வளவு இருந்தாலும் அது பழுதுள்ள பிரேக்தான்.

புஷ்ராடு நகர்வு

தடிமனைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் புத்தம்புது லைனிங் பொருத்திய பிரேக்கும் சரியாகப் பிடிக்காமல் போகலாம். லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடினால் புஷ்ராடு அதிக தூரம் நகர வேண்டியிருக்கும். '30ஆம் வகை' சேம்பர் என்பது 30 சதுர அங்குலப் பரப்புள்ள சவ்வைக் கொண்டது. சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் அது தரும் விசை 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. சவ்வு தன் நகர்வின் கடைசிப் பகுதியை நெருங்கும்போது இந்த விசை வேகமாகச் சரிகிறது. அதனால்தான் சாதாரண 30ஆம் வகைச் சேம்பருக்கு 2 அங்குலமும் (51 மி.மீ.), நீள்நகர்வு வகைக்கு 2½ அங்குலமும் (64 மி.மீ.) வரம்பாக வைக்கப்பட்டுள்ளன. நீள்நகர்வு வகையை அதன் சதுர வடிவக் காற்று நுழைவாயைக் கொண்டு அடையாளம் காணலாம்.

அளப்பதற்கு முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். புஷ்ராடு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடிட வேண்டும். பின்பு எஞ்சினை நிறுத்தி, தொட்டியில் 90 முதல் 100 பவுண்டு அழுத்தம் இருக்கும்போது மிதியை முழுவதும் அழுத்திப் பிடிக்கவேண்டும். கோடு நகர்ந்த தூரமே அளவு. வேறு அழுத்தத்தில் எடுத்த அளவை வரம்போடு ஒப்பிட முடியாது.

'பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது' என்று ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. சமதளத்தில் மெல்லப் பிரேக் போடும்போது தேவைப்படும் அழுத்தம் குறைவு. காற்று பிரேக்கின் மிதி, காரின் மிதிபோல் கீழே இறங்கி எச்சரிப்பதுமில்லை. நீண்ட சரிவில் நிலைமை மாறுகிறது. சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். புஷ்ராடு இன்னும் தூரம் நகர வேண்டும். குளிர்ந்த நிலையில் வரம்புக்குள் மயிரிழையில் தேறிய பிரேக், விசை மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் விசையை இழக்கிறது.

20 விழுக்காட்டு விதி

ஒரு சக்கரத்தில் மட்டும் பழுது இருந்தால் பொதுவாக இயக்கத் தடை வராது. மொத்தப் பிரேக்குகளில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ பழுதாயிருந்தால் தடை உண்டு. ஐந்து அச்சுகளும் பத்துப் பிரேக்குகளும் கொண்ட டிரெய்லர் லாரியில் இரண்டு பழுதானால் போதும். வரம்பைக் கால் அங்குலமோ அதற்கு மேலோ தாண்டிய நகர்வு ஒரு பழுதாகவும், அதற்குக் குறைவாகத் தாண்டியது அரைப் பழுதாகவும் கணக்கிடப்படும். முன் அச்சுக்கு மட்டும் விதி கடுமையானது: அங்கே லைனிங் வரம்புக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதுவே தடைக்குப் போதுமானது.

தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர்

1994 அக்டோபர் 20 முதல் அமெரிக்காவில் தயாராகும் காற்று பிரேக் வாகனங்களில், தேய்மானத்துக்கு ஏற்ப இடைவெளியைத் தானே சரிசெய்யும் அட்ஜஸ்டர் கட்டாயமாக்கப்பட்டது. இதனால் ஒரு புதுச் சிக்கலும் பிறந்தது. நகர்வு கூடினால் ஸ்பேனரை எடுத்துக் கையால் முறுக்கிச் சரிசெய்வது பழைய வழக்கம். தானியங்கி அட்ஜஸ்டரிலும் அப்படிச் செய்தால் அளவு ஓரிரு நாள் சரியாகத் தெரியும். கோளாறு உள்ளேயே இருக்கும்.

2003 ஏப்ரல் 11 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கிளென் ராக் நகரில், செங்குத்தான தெருவில் இறங்கிய டிப்பர் லாரி ஒன்றை ஓட்டுநரால் நிறுத்த முடியவில்லை. சந்திப்பில் நின்றிருந்த நான்கு கார்கள் மீது அது மோதியது. ஒரு காரின் ஓட்டுநரும் அதிலிருந்த 11 வயதுச் சிறுவரும் உயிரிழந்தனர். நடைபாதையில் இருந்த மூன்று குழந்தைகள் காயமடைந்தனர். விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அளவுமீறிய சுமை, பயிற்சியற்ற ஓட்டுநர், முறையாகப் பராமரிக்கப்படாத பிரேக் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. பிரேக்கின் உண்மையான கோளாற்றை மெக்கானிக்குகள் தவறாகக் கணித்ததும் ஒரு காரணம் என்றது. தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் முறுக்குவதன் ஆபத்து குறித்துப் போதிய எச்சரிக்கை இல்லாததையும் அது சுட்டிக்காட்டியது.

ஆகவே தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள பிரேக்கில் நகர்வு வரம்பைத் தாண்டியிருந்தால் ஸ்பேனருக்கு முன் பார்க்க வேண்டியவை வேறு: கேம் புஷ் தேய்ந்து ஆடுகிறதா, கிளெவிஸ் பின் தளர்ந்துள்ளதா, டிரம் அளவுக்கு மீறி விரிந்துள்ளதா, அட்ஜஸ்டர் சரியான கோணத்தில் பொருத்தப்பட்டுள்ளதா என்பவை. இவை அனைத்தும் சரியாக இருந்தும் நகர்வு குறையவில்லை என்றால் அட்ஜஸ்டரையே மாற்ற வேண்டும்.