பூனைக்கு ஏன் சோறு போதாது?

சுங்கைப் பட்டாணி பக்கத்துத் தோட்ட லயங்களில், புதிதாக வந்த பூனைக்கு முதல் விருந்து அவித்த கெம்போங் மீன் பிசைந்த சோறுதான். அது மீனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை ஒதுக்கும். திமிர் என்று திட்டாதீர்கள். அதன் உடம்பு அப்படி.

டாரின் என்ற சத்தை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு ஆக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் அது உண்டு, சோற்றில் இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இதயத் தசை தளரும் என்று 1987-இலும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலி பிடிக்கும் தோட்டத்துப் பூனை தப்பித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் வளரும் பூனைக்கு நாம் வைக்கும் தட்டுதான் கதி.

ஆகவே பாக்கெட்டில் ‘முழுமையான உணவு’ என்று இருக்கிறதா, குட்டிக்கா வளர்ந்த பூனைக்கா என்று பார்த்து வாங்குங்கள். முன்பு தின்றதையே சில நாள் கொடுத்து, பிறகு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். குழம்பு மீன் வேண்டவே வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புது வீட்டுப் பயத்தில் கட்டிலடியில் ஒளிந்து ஒரு நாளுக்கு மேல் எதுவும் தின்னாவிட்டால், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்; பட்டினி நீண்டால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.