விரிகுடா வண்டலில் கன உலோகங்கள்: மினமாட்டா தரும் சான்று

முன்னுரை

ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் முதலிய கன உலோகங்கள் கடலில் கலந்தபின் நெடுங்காலம் நீரிலேயே தங்குவதில்லை. அவற்றின் பெரும்பகுதி நுண்ணிய களிமண் துகள்களிலும் கரிமப் பொருள்களிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. நீரோட்டம் மெலிந்த விரிகுடாக்களில் இப்படிவு மிகுதி. வண்டல் மாசின் மூலத்தைக் காட்டும் சான்றாகவும், மூலம் நின்றபின்னும் மாசைத் தேக்கிவைக்கும் இருப்பிடமாகவும் அமைவதை ஜப்பானின் மினமாட்டா விரிகுடா வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

மூலத்தை அறியும் முறை

பாறைச் சிதைவினாலும் உலோகங்கள் இயல்பாக வண்டலை அடைகின்றன. எனவே, உலோகத்தின் அளவு மிகுதியாக இருப்பது மட்டுமே மாசுக்குச் சான்றாகாது. களிமண்ணின் இயல்பான கூறாகிய அலுமினியத்துக்கும் ஆராயப்படும் உலோகத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு, அது தொழில் வளர்ச்சிக்கு முந்தைய அடுக்கின் விகிதத்தைப்போல் எத்தனை மடங்கு என்று கணிப்பர். அம்மதிப்பு ஒன்றை ஒட்டி அமைந்தால் மூலம் இயற்கையாகலாம். பன்மடங்கு உயர்ந்தால் மனிதச் செயலை ஆராய வேண்டும். உலோகச் செறிவு எத்திசையில் உயர்கிறது என்பது மூலத்தின் இடத்தையும், ஆழத்துக்கேற்ப எவ்வாறு மாறுகிறது என்பது காலத்தையும் உணர்த்தும்.

மினமாட்டாவின் வண்டல்

மினமாட்டாவிலிருந்த சிஸ்ஸோ நிறுவன ஆலை 1932 முதல் 1968 வரை அசெட்டால்டிஹைடு உற்பத்தியில் பாதரசச் சேர்மத்தை வினையூக்கியாகப் பயன்படுத்தியது. அப்போது உருவான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு கடலை அடைந்து, மீன், சிப்பி ஆகியவற்றின் வழியே மக்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. 1956 மே 1 அன்று இந்நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது.

1959இல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வண்டலை ஆராய்ந்தனர். ஆலைக் கழிவுநீர் வாயிலில் ஒரு டன் வண்டலுக்குச் சுமார் 2 கிலோ பாதரசம் இருந்தது. வாயிலிலிருந்து விலக விலக அளவு குறைந்தது. 1958இல் கழிவுநீர் மினமாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திருப்பப்பட்டபின், அப்பகுதியிலும் புதிய நோயாளிகள் தோன்றினர். இவ்விரு சான்றுகளும் ஆலையையே சுட்டின. ஆயினும், கழிவே காரணம் என அரசு ஏற்றது 1968இல்தான்.

கழிவு நின்றபின்னும் பாதரசம் சேற்றில் தங்கியது. 25 பிபிஎம் அளவுக்கு மேல் பாதரசம் கொண்ட வண்டல், ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர், 1977 முதல் 1990 வரை தூர்வாரியும் அவ்விடத்திலேயே மூடியும் அடைக்கப்பட்டது. அதனால் 58 ஹெக்டேர் கடற்பரப்பு நிலமாயிற்று. மீன்கள் வெளியேறாதிருக்க விரிகுடா வாயிலில் இடப்பட்ட வலை 1997இல்தான் அகற்றப்பட்டது.

முடிவுரை

வண்டல் 1959இலேயே மூலத்தைக் காட்டியது. அச்சான்று ஏற்கப்பட ஒன்பது ஆண்டுகளும், வலை நீங்க மேலும் இருபத்தொன்பது ஆண்டுகளும் ஆயின. எனவே, தொழிற்சாலைகள் சூழ்ந்த விரிகுடாக்களில் வண்டல் ஆய்வை நோய் தோன்றுமுன்பே தொடங்குவதும், அதன் முடிவைக் காலந்தாழ்த்தாது செயற்படுத்துவதும் இன்றியமையாதன.