குகேஷ் எந்த ஊர்ப் பிள்ளை?

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டப்போட்டி தொடங்குவதற்கு முன்னாலேயே சித்தூரிலும் திருப்பதியிலும் அதைப் பற்றிய வாதம் தொடங்கிவிட்டது. செஸ் விளையாடத் தெரியாதவர்கள்கூடக் கலந்துகொண்ட வாதம் அது. ஒரு பக்கம் சீனாவின் டிங் லிரென், நடப்பு சாம்பியன். மறுபக்கம் நம் குகேஷ், பதினெட்டே வயது. "நம்" என்று எழுதிவிட்டேன். அந்த "நம்" யாரைக் குறிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

வாதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. யார் ஜெயிக்க வேண்டும் என்று நாம் ஆசைப்பட வேண்டும் என்பது ஒன்று. ஜெயிப்பவன் யாருக்குச் சொந்தம் என்பது மற்றொன்று. முதல் கேள்வி தேசபக்தி சார்ந்தது போலத் தோன்றும், இரண்டாவது மொழிப்பற்று. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் நம் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள் தெளிவாகும்.

முதலில் தேச விஷயம். பட்டப்போட்டி என்பது இரு தனிமனிதர்களுக்கிடையே நடப்பது. 2024இல் பதினான்கு ஆட்டங்கள். முதலில் ஏழரைப் புள்ளி எடுப்பவர் சாம்பியன். மேசை மேல் சிறிய கொடி இருக்கும். அந்தக் கொடி எதைக் குறிக்கிறது? ஃபிடே என்னும் உலகச் சதுரங்க அமைப்பில் அந்த வீரர் எந்த நாட்டுக் கூட்டமைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்பதை மட்டும். அதில் தாய்மொழிக்கோ பூர்வீகத்துக்கோ இடமில்லை. குடியுரிமையோ குடியிருப்போ இருந்தால், கட்டணமும் காத்திருப்பும் முடித்து, வேறு கூட்டமைப்புக்கு மாறிக்கொள்ளவும் வழியுண்டு.

இது வெறும் விதிமுறைச் சமாசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. 1976இல் விக்டர் கோர்ச்னாய் ஆம்ஸ்டர்டாமில் போட்டி ஆடப் போனவர், சோவியத் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. இரண்டு வருடம் கழித்து பிலிப்பைன்ஸ் நாட்டு பாகியோவில் கார்ப்போவை எதிர்த்து ஆடினார். அப்போது ஸ்விட்சர்லாந்தில் வசித்தார். அந்தக் கொடியைக் கேட்டார். சோவியத் தரப்பு எதிர்த்தது. கடைசியில் கொடி இல்லாத மனிதராகவே ஆடினார். 6க்கு 5 என்ற கணக்கில் தோற்றார், இடையில் 21 டிராக்கள். நம் காலத்தில் அலிரேசா ஃபிரோஜா ஈரானில் பிறந்தார். இஸ்ரேல் வீரர்களோடு ஆட நேரும் என்பதற்காக அவர் நாட்டுச் சங்கம் 2019 டிசம்பர் உலகப் போட்டிக்குப் போகாதே என்றது. அவர் ஃபிடே கொடியின் கீழ் ஆடினார், 2021இல் பிரான்ஸ் வீரரானார். கிரிமியாவில் பிறந்த கர்யாகின் 2009இல் உக்ரைனை விட்டு ரஷ்யாவுக்கு மாறினார், 2016இல் கார்ல்சனுடன் பட்டத்துக்கு ஆடினார், 2022இல் உக்ரைன் மீதான போரை ஆதரித்துப் பேசியதற்காக ஆறு மாதத் தடையும் வாங்கினார். இவர்களில் யார் விசுவாசி, யார் துரோகி என்று கேட்டால் ஊருக்கு ஒரு பதில் வரும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், ஹைதராபாத்திலேயே ஒரு கதை நடந்தது. 2010 ஆகஸ்டில் அங்கே உலகக் கணிதவியலாளர் மாநாடு. அதையொட்டி ஹைதராபாத் பல்கலைக்கழகம் விசுவநாதன் ஆனந்துக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க ஏற்பாடு செய்தது. அவர் ஸ்பெயினிலும் வீடு வைத்திருந்ததால் டில்லியில் அமைச்சகத்தில் யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது: இவர் இந்தியர்தானா? கோப்பு நின்றது. இந்திய பாஸ்போர்ட்டோடு, இந்தியக் கொடி வைத்து, அந்த வருடம்தான் சோஃபியாவில் டோபலோவை 6.5க்கு 5.5 என்று வென்று பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்ட மனிதரைக் கேட்ட கேள்வி இது! அமைச்சர் கபில் சிபல் பிறகு வருத்தம் தெரிவித்தார். ஆனந்த் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மாநாட்டுக்கு வந்திருந்த கணித அறிஞர்களோடு ஒரே நேரத்தில் பல பலகைகளில் ஆடிவிட்டுத்தான் போனார். வெளியூரில் வீடு என்றாலே விசுவாசத்தின் மேல் சந்தேகம் வரும் என்பது நம்மவர்களுக்குப் புதிதா என்ன?

அந்த 2010 போட்டியிலேயே இன்னொரு செய்தி உண்டு. ஆனந்துக்குத் துணையாக இருந்தவர்கள் டென்மார்க்கின் நீல்சன், உஸ்பெகிஸ்தானின் காசிம்ஜானோவ், போலந்தின் வோய்டாசெக், நம் கொல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி. தொலைவிலிருந்து உதவியவர்களில் மாக்னஸ் கார்ல்சனும் ஒருவர். அதே கார்ல்சன் 2013 நவம்பரில் சென்னைக்கே வந்து ஆனந்தைத் தோற்கடித்துப் பட்டத்தை எடுத்துப் போனார். 6.5க்கு 3.5. சென்னை அரங்கில் கார்ல்சன் ரசிகர்களும் இருந்தார்கள். நான் திருப்பதியிலிருந்து ரயிலேறி ஒரு நாள் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து இருக்கைப் பையன் கார்ல்சன் பேரைச் சொல்லிக் குதித்தான். "ஏன்டா, நம்ம ஊர்க்காரர் தோத்துட்டிருக்கார்" என்றேன். "அங்கிள், அவர் மூவ் பாருங்க அங்கிள்" என்றான். அவன் செஸ் பார்த்துக்கொண்டிருந்தான், நான் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே போட்டியைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியேயிருந்து பார்த்து, நாமும் ஒருநாள் உள்ளே உட்கார வேண்டும் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்ன ஏழு வயதுச் சிறுவன்தான் குகேஷ்.

2024க்கு வருவோம். ஏப்ரலில் டொரண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று குகேஷ் தகுதி பெற்றார். போட்டியை எங்கே நடத்துவது என்றதும் இந்தியாவிலிருந்தே இரண்டு விண்ணப்பங்கள் போயின: தமிழ்நாடு அரசு சென்னைக்குக் கேட்டது, அகில இந்தியக் கூட்டமைப்பு டில்லிக்குக் கேட்டது. ஜூலையில் சிங்கப்பூருக்கு என்று முடிவானது. செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தங்கம் வென்றன. குகேஷ் முதல் பலகையில் பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி. டிங் அந்த வருடம் முழுதும் தடுமாறிக்கொண்டிருந்தார். மனச்சோர்வால் அவதிப்பட்டதை மறைக்காமல் சொன்ன மனிதர். ஆகவே எங்கள் தெருவில் எல்லோரும் குகேஷ் சுலபமாக ஜெயிப்பார் என்றார்கள். டிங் மேல் எனக்கு இரக்கம் என்று சொன்னபோது, "சைனாக்காரன் மேல உங்களுக்கு என்ன சார் பாசம்?" என்று ஒரு நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் ஆட்டத்தில் கறுப்புக் காய் வைத்து டிங் ஜெயித்ததும் அந்த நண்பர் இரண்டு நாள் வாக்கிங் வரவில்லை.

பதினான்காவது ஆட்டம் டிசம்பர் 12 அன்று. 6.5க்கு 6.5 என்று சமநிலை. நம் நேரப்படி மதியம் இரண்டரைக்குத் தொடங்கியது இருட்டும் வரை நீண்டது. டிராவில் முடியும் என்று எல்லோரும் எழுந்துபோகத் தயாரான நேரத்தில் டிங் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானை யானையோடும், பிஷப் பிஷப்போடும் வெட்டுப்பட்டுப் போனால் ஒரு சிப்பாய் அதிகமுள்ள குகேஷ் ஜெயித்துவிடுவார். மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. வென்ற பிள்ளை கண்ணீரோடு உட்கார்ந்து காய்களை அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கி வைத்ததை டி.வி.யில் பார்த்தோம். அப்போது டிங் மேல் பாசம் காட்டக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

தேச வாதம் அன்றிரவே அடங்கியது. மொழி வாதம் அன்றிரவுதான் வெடித்தது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு நம் தெலுங்குப் பிள்ளை என்ற பொருளில் வாழ்த்தினார். தமிழக முதல்வர் ஸ்டாலின் சென்னையைச் சொல்லி வாழ்த்தி, மறுநாள் ஐந்து கோடி ரூபாய் பரிசு அறிவித்தார். இரு மாநிலத்து ரசிகர்களும் இழுபறியில் இறங்கினார்கள். நம் ஊரில் இது இன்னும் கொஞ்சம் சூடு, காரணம் குகேஷ் குடும்பத்தின் பூர்வீகம் சத்தியவேடு தொகுதிப் பக்கம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

சத்தியவேடு என்ற பெயரைக் கேட்டதும் பழைய ஆட்களுக்கு வேறு ஞாபகம் வரும். சித்தூர் மாவட்டமே 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் எடுத்துச் சேர்த்து உண்டானது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுதும் அங்கே போனது. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார், திருப்பதியே நமது என்றார். படாஸ்கர் பரிந்துரையின் மேல் 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது அது திருப்பதி மாவட்டமாயிற்று. ஒரே ஊரில் இருந்தபடியே ஒருவர் மூன்று மாவட்டத்தையும் இரண்டு மாநிலத்தையும் பார்த்திருக்க முடியும். இப்படிப்பட்ட மண்ணை வைத்து ஒரு பிள்ளைக்குப் பட்டா எழுதினால் எந்த வருடத்து எல்லைக்கோட்டை வைத்து எழுதுவது? திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் விஷயத்திலும் இதே இழுபறி உண்டென்பது நம்மவர்களுக்குத் தெரியும்.

பெயரைப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். ஃபிடே பட்டியலில் "குகேஷ் டி", "பிரக்ஞானந்தா ஆர்". பிரக்ஞானந்தாவின் "ஆர்" அவர் அப்பா ரமேஷ்பாபு, தமிழ்நாட்டு வழக்கம். குகேஷின் அப்பா பெயர் ரஜினிகாந்த் (சினிமாக்காரர் வேறு, இவர் காது மூக்கு தொண்டை டாக்டர்). தமிழ் வழக்கப்படி "ஆர். குகேஷ்" என்றிருக்க வேண்டும். "டி" என்பது தொம்மராஜு, தெலுங்கில் இண்டிபேரு என்கிற வீட்டுப் பெயர். சென்னைக்காரர்கள் அதை இன்னொரு இனிஷியல் என்று நினைத்து ஏற்றுக்கொண்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கதை இதற்குத் தலைகீழ். இங்கே பள்ளியில் சேர்க்கும்போது "இண்டிபேரு ஏமிட்டி?" என்று கேட்பார்கள். நமக்கு ஏது இண்டிபேரு? அப்பா பெயரைச் சொல்கிறோம், அது வீட்டுப் பெயராகப் பதிவாகிவிடுகிறது.

இங்கேதான் நம் நிலைமை குகேஷ் வீட்டு நிலைமையின் கண்ணாடிப் பிம்பம் என்று எனக்குப் படுகிறது. தெலுங்குக் குடும்பம், சென்னையில் வளர்ந்த பிள்ளை. நாம் தமிழ்க் குடும்பங்கள், பிள்ளைகள் திருப்பதியிலும் சித்தூரிலும் வளர்கிறார்கள். வளர்த்த ஊர்தான் கணக்கு என்றால் குகேஷ் தமிழ்நாட்டுப் பிள்ளை. அப்போது நம் பிள்ளைகள் ஆந்திரப் பிள்ளைகள். தாய்மொழிதான் கணக்கு என்றால் நம் பிள்ளைகள் தமிழ்ப் பிள்ளைகள். அப்போது நாயுடு சொன்னது சரி. அவனும் நம்ம பிள்ளை, இவனும் நம்ம பிள்ளை என்று இரண்டு கையாலும் வாரிக்கொள்ள நியாயம் இடம் தராது.

என்னைக் கேட்டால் முதல் கணக்கே சரி. ஒரு ஆட்டக்காரனை உண்டாக்குவது எது என்று பாருங்கள். குகேஷுக்குச் சென்னையில் வேலம்மாள் பள்ளி ஆடப் போக விட்டது, விஷ்ணு பிரசன்னா என்ற பயிற்சியாளர் கிடைத்தார், அப்பா கிளினிக்கை விட்டுவிட்டு மகனோடு ஊர் ஊராக அலைந்தார். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆதரவில் நடந்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை வென்றதால்தான் கேண்டிடேட்ஸ் இடமே வந்தது. இதற்கெல்லாம் பின்னால் ஆனந்தும், அவருக்கும் முன்னால் 1961இலேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோனும் உண்டாக்கிய செஸ் சூழ்நிலை இருக்கிறது. அது மொழி பார்த்து வாசல் திறக்கவில்லை. சிங்கப்பூரில் குகேஷுக்குத் துணை நின்றவர்களில் போலந்துக்காரர்களும் ஒரு ஜெர்மானியரும் இருந்தார்கள், குண்டூர் ஹரிகிருஷ்ணாவும் இருந்தார்.

ஆந்திராவிலும் அந்தச் சூழ்நிலை இல்லாமலில்லை. ஹரிகிருஷ்ணா, ஹரிகா, கோனேரு ஹம்பி என்று பெயர் சொல்ல ஆட்கள் உண்டு. என் தங்கை பேரன் திருப்பதியில் எட்டாவது படிக்கிறான். மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு என்று ஏறுகிறவன் ஆந்திரப் பட்டியலில்தான் ஏற முடியும். அவனுக்குச் சொல்லிக் கொடுப்பவர் தெலுங்கர். தோற்றுவிட்டு வந்தால் "பர்வாலேதுரா" என்று அவர் தேற்றுவது இவனுக்குத் தமிழைவிடச் சீக்கிரம் மனதில் ஏறுகிறது. இவன் நாளைக்குப் பெரிய ஆளானால் ஆந்திரா சொந்தம் கொண்டாடட்டும், எனக்கு மனத்தாங்கல் இல்லை. வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது நம் வேலை, அதை நாம் விடாமல் செய்தால் போதும்.

இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. வருகிற பொங்கல் விழாவில் சிறுவர் செஸ் போட்டி நடத்தலாம் என்று நம் சங்கச் செயற்குழுவில் பேச்சு வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு சாரார், ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஒரு சாரார். சங்கப் பணம் சந்தா கட்டுகிற குடும்பங்களுடையது என்பதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு நுழைவுக் கட்டணம் வைத்துக்கொள்ளலாம். முடிவு அடுத்த கூட்டத்தில். என் ஓட்டு எந்தப் பக்கம் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்; பலகைகள் போதாவிட்டால் என் வீட்டில் நான்கு இருக்கின்றன.