நான்காவது யுகுலேலே வாங்கப் போறீங்களா? மலாக்கா வீட்டுக்கு எது பொருந்தும்?

வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மூன்று தொங்குகின்றன. முதலாவது, பள்ளி இசைப் பாடத்துக்காக மகளுக்கு வாங்கியது. இரண்டாவது, அவள் வாசிப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு நீங்கள் உங்களுக்காக வாங்கியது. மூன்றாவது, விடுமுறைக்குப் போன இடத்தில் நிறம் பிடித்துப்போய் வாங்கி வந்தது. இப்போது கைப்பேசியில் நான்காவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். "இன்னொண்ணு எதுக்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஜாசினோ, அலோர் காஜாவோ, மெர்லிமாவோ, நீங்கள் எங்கே இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு வாங்கினால் பணம் வீணாகாது. முடிவெடுக்க உதவும் சில விவரங்கள் இதோ.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது?

யுகுலேலே ஹவாய் தீவுகளின் கருவி என்றே பலரும் நினைக்கிறோம். அதன் வேர் போர்த்துகலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவில் இருக்கிறது. 1879 ஆகஸ்ட்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்ற கப்பல் மடெய்ராவிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு போய்ச் சேர்ந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள். அந்தக் கப்பலில் மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரத்தச்சர்களும் இருந்தார்கள். தங்கள் ஊரின் நான்கு கம்பிச் சிறு கருவியை அவர்கள் ஹவாய் மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். அதுவே யுகுலேலே ஆனது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவியது.

தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் கதை மலாக்கா தமிழருக்குப் புதிதல்ல. இங்கே கரும்புக்குப் பதில் ரப்பர். டான் சாய் யான் 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதுதான் மலாயாவின் வணிக ரப்பர் தோட்டத் தொழிலின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. தூக்கிக்கொண்டு போகச் சுலபமான ஒரு சின்னக் கருவி தோட்டத்து மக்களிடம் பிறந்ததில் ஆச்சரியமில்லை.

முதல் கேள்வி: புதுசா என்ன குரல் வரும்?

நிறமும் ஓவியமும் வேறாக இருந்தாலும், ஒரே அளவு, ஒரே சுருதி உள்ள இரண்டு யுகுலேலேகள் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யும். அதனால் "இது அழகா இருக்கா?" என்பதைவிட "வீட்டில் இருப்பவற்றால் செய்ய முடியாத எதை இது செய்யும்?" என்று கேளுங்கள்.

அளவுகள் நான்கு. சொப்ரானோவின் மொத்த நீளம் சுமார் 53 செ.மீ. கான்சர்ட் சுமார் 58, டெனர் சுமார் 66, பாரிடோன் சுமார் 76 செ.மீ. பள்ளிப் பிள்ளைகள் கையில் பெரும்பாலும் இருப்பது சொப்ரானோ. பெரியவர்களின் விரல்களுக்கு அதன் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். ஸ்வரத்தை இழுத்து, சறுக்கி வாசிக்க ஆசைப்படுபவருக்கு டெனர் வசதி. கம்பி நீளம் கூடுவதால் விரல் நகர இடம் கிடைக்கும், ஓசையும் சற்று நீண்டு நிற்கும்.

உங்களிடம் ஏற்கெனவே இரண்டு சொப்ரானோ இருந்தால் மூன்றாவது சொப்ரானோ அவசியமில்லை. அடுத்தது டெனர் அல்லது பாரிடோனாக இருக்கட்டும்.

கோயில் விழாவிலோ கல்யாண வீட்டிலோ உருமி மேளத்தோடும் டோலக்கோடும் சேர்ந்து வாசிக்க நினைக்கிறீர்களா? அப்படியென்றால் எந்த அளவு வாங்கினாலும் வெறும் கையால் கேட்காது. ஒலிபெருக்கியில் இணைக்க உதவும் 'பிக்கப்' பொருத்திய கருவியைப் பாருங்கள்.

கட்டைக் கணக்கில் யுகுலேலே

சொப்ரானோ, கான்சர்ட், டெனர் மூன்றுக்கும் வழக்கமான சுருதி ஜி, சி, இ, ஏ. நம் பாட்டு வகுப்புக் கணக்கில் சொன்னால் 5 கட்டை, 1 கட்டை, 3 கட்டை, 6 கட்டை. பாரிடோன் டி, ஜி, பி, இ என்று தாழ்ந்த சுருதியில் இருக்கும். கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளும் அதே சுருதிதான். தாழ்ந்த குரலில் பாடும் ஆண்களுக்கு அது இதமான துணை.

ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்கள் புதுக் கருவி தேட வேண்டியதில்லை. முதல் கட்டத்தில் ஒரு 'கேப்போ' மாட்டினால் 5 கட்டைக் கம்பி ஐந்தரை ஆகிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண யுகுலேலேயில் முகத்துக்கு அருகே இருக்கும் நான்காவது கம்பி தாழ்ந்ததல்ல, உயர்ந்த ஜி. ஆகவே ஒரு கட்டையில் ஷட்ஜம் வைத்து வாசித்தால் அதற்குக் கீழே இறங்க முடியாது. அந்த ஒரு கம்பியை மட்டும் 'தாழ்ந்த ஜி' கம்பியாக மாற்றினால் மந்தர பஞ்சமம் வரை இறங்கலாம். தமிழ்ப் பாட்டின் மெட்டை முழுசா வாசிக்க அது பெரிய உதவி. சுவரில் தொங்கும் மூன்றாவது கருவிக்கு இதைச் செய்து பாருங்கள். புதுசு வாங்கும் தேவையே இல்லாமல் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: நைலான் கம்பிக்காகச் செய்த கருவியில் எஃகுக் கம்பியைக் கட்டாதீர்கள். இழுவிசை தாங்காமல் பாலம் பிய்ந்து வந்துவிடும்.

எந்த மரம் நல்லது?

ஹவாயின் புகழ்பெற்ற மரம் கோவா. அது அக்காசியா இனத்தைச் சேர்ந்தது, ஹவாயில் மட்டும் இயற்கையாக வளர்வது. அதனால் விலை அதிகம். மஹோகனி மென்மையான, இதமான ஓசை தரும். மாமரத்திலும் தூங்குமூஞ்சி மரத்திலும்கூட நல்ல யுகுலேலே செய்கிறார்கள். பலா மரத்தில் வீணை செய்யும் மரபு நமக்கு இருப்பதால் இது வியப்பாகத் தோன்றாது.

மரத்தின் பெயரைவிட முக்கியம், அது முழுப் பலகையா, ஒட்டுப்பலகையா என்பது. முழுப் பலகையின் ஓசை பொதுவாகச் செழுமையாக இருக்கும், ஆனால் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். ஒட்டுப்பலகை அவ்வளவாக அசையாது. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. மரக் கருவிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது 40 முதல் 60 விழுக்காடு.

ஆகவே தினமும் வாசிக்க, சுவரில் மாட்ட, பிள்ளைகள் எடுக்க ஒட்டுப்பலகைக் கருவியே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுப் பலகை வாங்கினால் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கத் தயாராக இருங்கள். கிளேபாங் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவதென்றால் பிளாஸ்டிக் உடல் உள்ளதே பொருத்தம்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனை நமக்குச் சரிவருமா?

எல்லாம் சரிவராது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு மரம் வெடிக்கும். அதனால் ஓசைத் துளைக்குள் ஈரம் ஊட்டும் குழாயைப் போடச் சொல்கிறார்கள். மலாக்காவில் அதைச் செய்தால் இருக்கிற ஈரத்தோடு இன்னும் ஈரம் சேரும். நமக்கு வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அல்லது கேமரா வைக்கும் உலர் பெட்டி. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் ஊகம் தேவையில்லை.

இரவெல்லாம் குளிரூட்டி, பகலெல்லாம் புழுக்கம் என்று மாறி மாறி வருவதும் மரத்துக்கு ஆகாது. எல்லாவற்றையும்விட மோசம், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவது. சூட்டில் பசை இளகி, பாலம் கழன்றுவிடும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பாலத்துக்குப் பின்னால் பலகை வீங்கியிருந்தாலோ, பாலத்தின் அடியில் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தாலோ வேண்டாம். 12ஆவது கட்டத்தில் கம்பிக்கும் கட்டத்துக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இருந்தால் விரலுக்குச் சுகம். அதற்கு மேல் உயர்ந்தால் பிள்ளைகளுக்கு விரல் வலிக்கும். வலித்தால் அடுத்த வாரம் எடுக்க மாட்டார்கள்.

கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருக்கட்டும். கம்பியைத் திறந்து மீட்டி, பிறகு 12ஆவது கட்டத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரத்தின் கீழ், மேல் ஸ்தாயியாகச் சரியாக வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தக் கருவி எப்போதும் கொஞ்சம் பிசகியே ஒலிக்கும். 100 வெள்ளிக்கும் குறைவான கருவிகளில் இந்தச் சோதனை மிக அவசியம்.

இணையத்தில் வாங்கினால் வரி உண்டா?

உண்டு. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும் 500 வெள்ளி அல்லது அதற்குக் குறைந்த விலைப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. விலையை ஒப்பிடும்போது அதையும் அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய கருவி வாங்குபவர்கள் விரற்பலகை ரோஸ்வுட் மரமா என்று கேட்டுக்கொள்ளலாம். அந்த மர இனங்களின் அனைத்துலக வணிகம் 2017 முதல் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019இல் விலக்கு தரப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது.

மலாக்காக்காரருக்கு இன்னொரு வழி

போர்த்துகீசியர் ஹவாய்க்குப் போவதற்கு ரொம்ப காலம் முன்பே மலாக்காவுக்கு வந்துவிட்டார்கள். 1511 முதல் 1641 வரை ஆட்சி அவர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய சிறு கம்பிக் கருவிகளின் இன்னொரு கிளை குரோஞ்சோங் இசையாக வளர்ந்தது. ஜாகர்த்தாவின் கம்போங் துகு அந்த இசைக்குப் பேர் போன இடம். அங்கே 17ஆம் நூற்றாண்டில் குடியமர்ந்த, போர்த்துகீசியத் தொடர்புள்ள மர்டைக்கர் சமூகத்தில், இந்தியாவின் கோரமண்டல் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோரும் உண்டு.

குரோஞ்சோங் குழுவில் யுகுலேலே போன்ற இரண்டு கருவிகள் இருக்கும். 'சுக்' நைலான் கம்பி, 'சாக்' எஃகுக் கம்பி. ஒன்று விட்ட தாளத்தை மற்றொன்று பிடிக்கும். நான்காவதாக இவற்றில் ஒன்று வந்தால், உங்கள் தொகுப்பில் இல்லாத குரல் ஒன்று நிச்சயமாகச் சேரும்.

உஜோங் பாசிரில் போர்த்துகீசியக் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள். தமிழ் வணிகர்களின் வழிவந்த அவர்கள் உட்பட நான்கு சமூகங்கள் பாடும் டொண்டாங் சாயாங், 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கருவி வாங்கும் முன் இந்த இசையை ஒரு மாலை நேரில் போய்க் கேளுங்கள். எந்த ஓசை உங்களை இழுக்கிறது என்று காதே சொல்லிவிடும்.

அப்போ பழையதை என்ன செய்வது?

மூன்று மாதமாக நீங்கள் தொடாத கருவி எது என்று பாருங்கள். அதைத் துடைத்து, கம்பி மாற்றி, தோட்டத்திலோ தாமானிலோ கற்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அடைத்து வைத்த கருவி ஈரத்தில் தானாகக் கெடும். வாசிக்கிற கையில் இருந்தால் கோளாறு உடனே கண்ணில் படும்.

ஒன்று வெளியே போய், புதுக் குரலோடு ஒன்று உள்ளே வந்தால் சுவரில் அதே மூன்றுதான் இருக்கும். "இன்னொண்ணு எதுக்கு?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதிலும் இருக்கும்.